விடுப்பில் போன புருவம்

மார்ச் 3, திங்கள்

இன்று காலை பல் துலக்கும்போது, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு தீர்மானம் நிறைவேறியது: என் நெற்றியில் இருக்கும் மூன்று கோடுகளும் இனி அங்கே இருக்கக் கூடாது. முன்மொழிந்தவள் நான். வழிமொழிந்தது கண்ணாடி. எதிர்ப்பு ஏதுமில்லை, இவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

காரணம் இருக்கிறது. எங்கள் தண்ணீர் வாரிய ஊழியர் பாட்டுக்குழு, துறைகளுக்கு இடையிலான போட்டியில் முதல்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போகிறது! இருபத்தொன்பதாம் தேதி. குழுவை நடத்துபவள் நான், கீபோர்டு வாசிப்பவளும் நானே. இந்த முறை கேமரா கீபோர்டுக்கு நேர் எதிரே வருமாம். போன வருடப் புகைப்படத்தில் நான் பாட்டு நடத்துபவள் மாதிரியே இல்லை. யார் வீட்டுக் குழாய் இணைப்பையோ துண்டிக்கப் போனவள் மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 4

நெற்றிக் கோடுகளைப் போக்க ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று தங்கச்சிக்குப் போன் செய்தேன்.

"அக்கா, உனக்கா? புதுச் சட்டை போட்டாலே உனக்குக் கழுத்தெல்லாம் சிவந்துடும். ஊசி வேற குத்திக்கப் போறியா?"

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பாதி சோப்புகள் எனக்கு ஆகாது. பிளாஸ்திரி ஆகவே ஆகாது. கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும், பொண்ணு எப்படி வெட்கப்படுது பார் என்கிறார்கள். அது வெட்கம் இல்லை, பவுடர்.

மார்ச் 6, வியாழன்

கிளினிக். டாக்டரம்மாவுக்கு நெற்றியில் ஒரு கோடு இல்லை. வயதே அப்படியா, சொந்தச் சரக்கா, தெரியவில்லை.

"ஊசி மருந்தைவிட, அதுக்கு முன்னாடி துடைக்கிற ஸ்பிரிட்டும் மரத்துப்போற கிரீமும்தான் உங்க தோலுக்கு வில்லனா இருக்கும்" என்றார். முன்கையில் அந்த இரண்டையும் தனித்தனியே தடவி, இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். முகத்துக்கு ராத்திரி போடும் கிரீமையும் அதுவரை நிறுத்த வேண்டுமாம். இரண்டு நாளா! ஆண்டவா!

மார்ச் 8, சனி

முன்கையில் ஒரு வட்டம் தக்காளி. இன்னொன்று இருந்த தடமே இல்லை. அது வென்றது. கிரீம் வேண்டாம், ஐஸ் போதும் என்று டாக்டரம்மா முடிவு செய்தார்.

"புருவத்தைத் தூக்குங்க... இப்போ கோபப்படுங்க."

கோபப்படச் சொல்லி வேறொருவர் கெஞ்சுவது என் வாழ்வில் இதுவே முதல் தடவை. முழு ஒத்துழைப்பு கொடுத்தேன். அவர் அசந்துபோய், "அடேயப்பா! இவ்வளவு வேலை செய்யுற நெத்தியை நான் பார்த்ததே இல்ல. பாட்டு டீச்சரா நீங்க?" என்றார்.

பெருமையாக இருந்தது. சுருக் சுருக் என்று சில குத்துகள், அவ்வளவுதான். நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் இவர் பார்த்தார்.

"என்ன, கொசு கடிச்சிடுச்சா?"

"ஆமா. படிச்ச கொசு."

மார்ச் 9

சிவப்பு போய்விட்டது. இப்படி ஒரு நாள் என் தோல் எனக்குத் துணை நிற்கும் என்று நினைக்கவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

கோடுகள் போயே போச்சு! நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. நாலு தடவை கண்ணாடி பார்த்தேன் – சரி, அதற்கு மேலும்தான். இவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்குக்கண்ணாடி மாத்தினியா?" என்றார். நான் மூக்குக்கண்ணாடி போடுவதே இல்லை.

மார்ச் 15, சனி

ஐயோ. ஐயோ.

ஒத்திகை. பாட்டின் நடுவில் ஆண்குரல்கள் நுழைய வேண்டிய இடம் வந்தது. யாரும் நுழையவில்லை. வாசித்துக்கொண்டே முறைத்தேன். எல்லோரும் என்னை ஆவலோடு பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். மறுபடி. மறுபடியும் அதே. கடைசியில் பெண்குரல்களும் நின்றுபோயின.

"என்ன ஆச்சு எல்லாருக்கும்?"

பம்ப் ஆபரேட்டர்தான் வாயைத் திறந்தார். எங்களிடம் இருக்கும் மிகக் கனமான குரல் அவருடையது. "மேடம், நீங்க புருவத்தையே தூக்கலியே."

"எந்தப் புருவம்?"

"இடதுதான் எங்களுக்கு. வலது லேடீஸுக்கு. ரெண்டும் சேர்ந்து தூக்கினா முடிச்சுடணும். அதானே வழக்கம்?"

வழக்கமாம்! எட்டு வருடமாக இவர்கள் தாளம் எண்ணித்தான் பாடுகிறார்கள் என்று நான் நம்பியிருந்தேன். கை இரண்டும் கீபோர்டில் இருக்க, குழுவை நடத்தியது என் நெற்றி. அதை நானே போய் ஊசி போட்டு, அசையாமல் படுக்கவைத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போ என்ன பண்றது? யார்கிட்ட சொல்றது?

மார்ச் 16

டாக்டரம்மாவிடம் கேட்டேன். திரும்ப எடுக்க முடியாதாம். "மூணு நாலு மாசத்துல தானா வந்துடும். நல்லா வேலை செஞ்சிருக்குல்ல?" செஞ்சிருக்கு. ரொம்ப நல்லாவே செஞ்சிருக்கு.

மார்ச் 20, வியாழன்

தோளைத் தூக்கிப் பார்த்தேன். குளிருதா மேடம் என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். நாக்கால் சொடுக்கினேன், மைக்கில் பல்லி. தலையை ஆட்டினால் கை தடுமாறுகிறது.

"விடுங்க மேடம்" என்றார் பம்ப் ஆபரேட்டர். "நீங்க பாட்டுக்கு வாசிங்க. நாங்க அரைவட்டமா நின்னு ஒருத்தர் மூச்சை ஒருத்தர் பாத்துக்குறோம்."

செய்தோம். முதல் தடவை சொதப்பல். மூன்றாவது தடவை – மயிர்க்கூச்செறிந்தது. இவர்கள் இப்படிப் பாடுவார்களா? இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள்?

மார்ச் 29, சனி

முதல் பரிசு! முதல்! கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. மேடை விளக்குச் சூட்டில் கழுத்து சிவந்தது, நெற்றி மட்டும் கடைசிவரை பளிங்கு. பெரிய திரையில் பார்த்த தங்கச்சி, "அக்கா, தியானத்துல இருக்கிற மாதிரி இருந்தே" என்றாள். பயத்தில் எனக்கு உயிரே இல்லை என்பது ஒரு கேமராவுக்கும் தெரியவில்லை.

நடுவர் மேடையில் சொன்னார்: "இந்தக் குழுவுக்கு நடத்துநர் ஒருவர் இருப்பதே தெரியவில்லை. அதுதான் சிறப்பு." நான்தான் முதலில் கை தட்டினேன்.

ஜூலை 5, சனி

காலையில் பல் துலக்கும்போது இடது புருவம் ஏறியது. முழு உயரம்! கொஞ்ச நேரத்தில் வலதும். மூன்று கோடுகளும் வந்துவிட்டன. யாருக்கும் சொல்லவில்லை, நேரில் பார்க்கட்டும் என்று ஒத்திகைக்குச் சீக்கிரமே கிளம்பினேன்.

அரைவட்டத்துக்கு இடம் போதவில்லையாம். கீபோர்டைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.