ஐந்து நாள் வெயில்

2001 ஜூன் 4, திங்கள். குன்னூர்

இருபத்தேழாவது மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஆராய்ச்சி நிலையக் கம்ப்யூட்டரில் என் புரோகிராம் பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து.

ஐம்பத்திரண்டு லட்சம் வரி. நாற்பது எஸ்டேட்டில் முப்பது வருடமாகப் பகல் பன்னிரண்டு மணி நேரமும் மணிக்கு மணி குறித்த வெயில். எத்தனை நாள் வெயில் குறைந்தால் தேயிலையில் கொப்புள நோய் வரும் என்று தெரிந்துவிட்டால், மழைக்காலம் முழுக்க வாராவாரம் மருந்தடிக்க வேண்டாம். கொழுந்து விலை விழுந்து கிடக்கிறது. மருந்துச் செலவு கட்டுப்படியாகாது என்று எங்கள் நடுவட்டம் எஸ்டேட்டில் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டைக் கைவிடப் போகிறார்கள். பதினெட்டாம் தேதி கம்பெனிக் கூட்டம். அம்மா கொழுந்து எடுப்பது அந்தக் காட்டில்தான். என் அண்ணன் எல்லப்பன் மருந்தடிப்பதும் அங்கேதான்.

ஜூன் 5

ஓடுகிறது. மழை. கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

ஜூன் 7, வியாழன்

இதை இன்றே எழுதி வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் தந்த விடை சரியா என்று ஒரு பக்கத்தை நானும் வேலாமணியக்காவும் கையால் கூட்டிப் பார்த்தோம். இந்த ஐம்பத்திரண்டு லட்சத்தையும் இரண்டு வருடமாக டைப் செய்தவர்களில் அவரும் ஒருவர், பொள்ளாச்சிக்காரர். ஒவ்வொரு மணிக்கும் அதற்கு முந்தைய ஏழு நாள் வெயிலைக் கூட்ட வேண்டும். நான் நான்கு வரி முடிப்பதற்குள் அவர் பக்கத்தையே முடித்துவிட்டார். எப்படியக்கா என்றேன்.

"ஏங்கண்ணு, ஒவ்வொருக்காவும் மொதல்ல இருந்து எதுக்குக் கூட்டோணும்? பழசுல ஒண்ணக் கழிச்சு, புதுசு ஒண்ணச் சேத்துனாப் போதுமே."

பேனாவை வைத்துவிட்டேன். என் புரோகிராம் ஒவ்வொரு வரிக்கும் எண்பத்து நான்கு எண்களைக் கூட்டுகிறது! அதுவும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்குக்குப் போய்த் தேடி எடுத்து. கடைசிச் சில நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கோப்பை மேலிருந்து கீழே ஒரே முறை படித்தால் போதும். ஒரு கழித்தல், ஒரு கூட்டல். மூன்று வருடம் காலேஜில் இதைத்தானே படித்தேன்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 9, சனி

பதினோரு நிமிடம்!

முப்பத்தொரு மணி நேர வேலை. வேலாமணியக்கா சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நோய்ப்பிரிவு அதிகாரி ஹெர்பர்ட் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஜூன் 11, திங்கள்

அய்யோ. எல்லாம் தப்பு. மூன்றாவது எஸ்டேட்டில் ஒரு நாளைக்குப் பத்தொன்பது மணி நேரம் வெயிலாம். எந்த ஊரில் அடிக்கும் இப்படி?

சாயந்திரம்தான் பிடிபட்டது. ஒரு எஸ்டேட் முடிந்து அடுத்தது தொடங்கும்போது கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்க மறந்திருக்கிறேன். பழைய முறையில் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கூட்டுவதால் ஒரு தப்பு அடுத்ததைத் தொடாது. இதில் ஒரு தப்பு கடைசி வரை கூடவே வரும்.

ஹெர்பர்ட் சாரிடம் சொல்லத்தான் பயம். அவர் ஏற்கெனவே கம்பெனிக்கு போன் போட்டுவிட்டார். முகம் இறுகிப்போய், திருத்தி எடுக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

"பதினோரு நிமிஷம் சார்."

சிரித்துவிட்டார்.

ஜூன் 12

ஒன்பது தடவை ஓட்டினேன். மூன்று நாள், நான்கு நாள், ஐந்து, ஏழு, பத்து — நினைத்ததையெல்லாம் கேட்டுப் பார்க்க முடிகிறது! முன்பு ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நாள்.

நோய் வந்த தேதிகளோடு ஒப்பிட்டதில் விடை வந்துவிட்டது. கடந்த ஐந்து நாள் வெயிலின் சராசரி நாளுக்கு நான்கு மணி நேரத்துக்குக் கீழே போனால் மட்டும் மருந்து. இத்தனை வருடமும் பத்துக்கு நான்கு தடவை சும்மா அடித்திருக்கிறார்கள்.

ஜூன் 18

இந்த மழைக்காலம் முடியும்வரை ஒன்பதாம் நம்பரைச் சோதனைக் காடாக வைத்திருப்பார்கள். கூட்டத்திலிருந்து வந்ததும் சார் சொன்னார். அறிக்கையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. வேலாமணியக்கா தன் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு, விட்டுப்போன இனிஷியலைப் பேனாவால் எழுதினார்.

செப்டம்பர் 22, சனி. நடுவட்டம்

லீவில் வந்திருக்கிறேன். பதினான்கு தடவை அடிக்க வேண்டிய மருந்தை எட்டுத் தடவைதான் அடித்திருக்கிறார்கள். இலை சுத்தமாக இருக்கிறது.

மருந்தில்லாத நாளில் எல்லப்பன் அண்ணனைக் கொழுந்துக்கு அனுப்புகிறார்களாம். இன்று அம்மா நாற்பத்தொரு கிலோ, அவன் பன்னிரண்டு. "ஒன்னோட கம்ப்யூட்டரால பொம்பளைங்க எல்லாம் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க" என்று சாப்பிடும்வரை திட்டிக்கொண்டிருந்தான். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தது. திங்கட்கிழமைக்கும் ஒன்பதாம் நம்பரிலேயே கொழுந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.