முழ மரத்தில் வெட்டிய அரசாணிக்கால்

திண்டிவனம்
வைகாசி கடைசி

அன்பு மகள் இளவரசிக்கு,

திண்டிவனத்து மொட்டைமாடிகளின் சக்கரவர்த்தியும், நீ விட்டுப்போன பன்னிரண்டு போன்சாய்த் தொட்டிகளின் காவல் தெய்வமுமாகிய உன் சித்தப்பா முருகையன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் சித்தி என்னைவிடச் சுகம், என் இடது முழங்கால் மட்டும் என்னைக் கலந்துகொள்ளாமல் தனியாக முடிவுகள் எடுக்கிறது. விழுப்புரத்தில் அண்ணனும் அண்ணியும் நன்றாக இருக்கிறார்கள். நீயும் தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு, ஏசியைக் குறைத்து வைத்துத் தூங்கி, கன்னத்தில் கொஞ்சம் சதையோடு இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என் முகம் தெரியும், நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு என் முகம் தெரியக் கூடாது. கோட்டக்குப்பத்து முஆத் பக்ரீத் முடிந்து தோஹா திரும்புகிறான், அவன் பெட்டியில் இரண்டு கிலோ மல்லாட்டைக் கடலை உருண்டைக்கு அடியில் இந்தக் கடிதம் வருகிறது. முதலில் ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொள், பிறகு மேலே படி. வாய் நிறைய உருண்டை இருந்தால் திட்டு வெளியே வராது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் இத்தி மரம் விழுது விட்டிருக்கிறது, தலைமுடி கனம்தான், ஆனால் இன்னும் பத்து வருஷத்தில் அதில் யானை கட்டலாம். அத்தி மூன்று காய் காய்த்தது, ஒன்றை அணில் தின்றது, அந்த அணிலோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. கிளைகளுக்கு நீ சுற்றிய கம்பியை எல்லாம் உன் நோட்டில் எழுதியபடி பட்டையைக் கடிக்கும் முன்பே துண்டு துண்டாக வெட்டிக் கழற்றிவிட்டேன். உன் அரசுக்கும் தை மாதமே காம்பை மட்டும் விட்டு இலைகளை நறுக்கினேன், உன் சித்தி காதைப் பொத்திக்கொண்டு கீழே போய்விட்டாள், அரசிலையைக் கிள்ளினால் குலத்துக்கு ஆகாதாம். மாசியில் அது துளிர்த்தது பார், ஒவ்வோர் இலையும் வெற்றிலைக் கொழுந்து அளவு, செம்பை உருக்கி ஊற்றியது போல நிறம். விழுப்புரத்து வீட்டுக் கழிவறைச் சுவரிலிருந்து நீ ஸ்பூனால் தோண்டி எடுத்த செடி, ஏழு வருஷத்தில் முழ உயரத்தில் ராஜா மாதிரி நின்றது. நின்றது என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. இரண்டாவது உருண்டையை எடுத்துக்கொள்.

என் மகள், உன் தங்கை பானுப்ரியா கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை மண்டபத்தில் பந்தல்காரர்கள் எல்லாம் கட்டி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, அனந்தபுரம் விருத்தாசலம், மேடையை மூன்று சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்தார். இன்னா சம்மந்தி, ஜோடனை எல்லாம் ஜோராத்தான் கீது, அரசாணிக்கால் எங்க, எம் புள்ள இந்தப் பிளாஸ்டிக் எலையச் சுத்திக்கினா வலம் வரணும் என்றார். மணமேடையில் நடுகிற அந்த அரசங்கிளைக்குப் பந்தல்காரன் பொறுப்பு என்று நானும், நான் பொறுப்பு என்று அவனும் இருந்துவிட்டோம். மாசிக் கடைசியில் கிளியனூர் வரைக்கும் ஓர் அரசமரத்திலாவது இலை இருக்குமா, எல்லாம் குச்சி குச்சியாக நின்றது. பொண்ணு வூட்ல ஒரு கெளைக்குக் கூட வழியில்லயா என்று அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டதும் எனக்குள் இருந்த சக்கரவர்த்தி எழுந்து நின்றுவிட்டான். எங்க வூட்லயே அரச மரம் கீது, தலைமுறை தலைமுறையா தளதளன்னு நிக்குது, நாலு பேரு சேந்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். சபையில் ஐம்பது பேர் இருந்தார்கள், வாயை எங்கே போய்க் கழுவுவது.

அரை மணியில் விருத்தாசலம் டிராக்டர் டிரெய்லரோடு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஏணி ஒன்று, அரிவாள் இரண்டு, தாம்புக்கயிறு ஒரு சுருள், கிளை விழுந்தால் தாங்க அவர் மச்சான் மணிமாறன். மாடிக்கு ஏறி வந்து நான்கு பக்கமும் அண்ணாந்து பார்த்தார்கள். மரம் எங்க சம்மந்தி என்றார். நான் காலடியில் இருந்த தொட்டியைக் காட்டினேன். மணிமாறன் ஏணியைப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், இத்த ஏத்தத்தான் டிராக்டரா மாமா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். விருத்தாசலம் சிரிக்கவில்லை. குனிந்து அந்த இலைகளை வெகுநேரம் பார்த்தார். எலை இருக்குதே, இது போதும் என்றார். தொட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாமே என்று நான் கெஞ்சினேன். வேரோட கீறதுக்குக் காலுன்னு பேரு கெடையாது சம்மந்தி, வெட்டி நட்டாத்தான் காலு என்றுவிட்டார். உன் சித்தி என்னைப் பார்த்தாள், நான் முழங்காலைப் பார்த்தேன். சிவப்புத் துணியில் நீ சுற்றி வைத்த வெட்டுக் குறட்டை எடுத்து நானே வெட்டினேன் அம்மா. மேல் பாதி, ஒரு சாண், நீ ஏழு வருஷம் வளர்த்த தலை. வெள்ளையாகப் பால் வடிந்தது, என் வேட்டி முனையால் துடைத்தேன், அந்தக் கறை இன்னும் போகவில்லை.

மறுநாள் அத்தனை பெரிய மேடையில், மூங்கிலோடு சேர்த்துக் கட்டி மஞ்சள் துணி சுற்றி, அந்த ஒரு சாண் கிளை நின்றது. வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாலையும் கழுத்துமாக நடந்து வந்த பானுப்ரியா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அக்கா மரந்தான இது என்று என்னிடம் கேட்டு அழுதாள், மை கலைந்தது. அப்புறம் அவளே சிரித்து, லீவு கெடைக்கலன்னு சொன்னவ எப்புடியோ வந்துட்டா பாருப்பா என்றாள். மூன்று சுற்றும் அதைத் தொட்டுத் தொட்டுத்தான் வந்தாள். கல்யாணம் முடிந்து அதை யாரையும் தொடவிடாமல் அனந்தபுரத்துக்கு எடுத்துப் போய் ஒரு பெயின்ட் வாளியில் நட்டிருக்கிறாள். வேர் பிடித்துவிட்டது. விருத்தாசலம் தினம் இரண்டு வேளை ஆட்டெரு போடுகிறாராம், இந்த வேகத்தில் போனால் அடுத்த வருஷம் அதற்கு ஏணி வேண்டும்.

ஆனால் உன் தொட்டியில் இருந்தது வெறும் கட்டை. நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு உங்க அண்ணன் பொண்ணு மரத்த வெட்டிட்டமே என்று சொல்லிவிட்டு உன் சித்தி பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. வேறு காரணத்துக்கு என்றால் அது எனக்குப் பொற்காலமாக இருந்திருக்கும். அவள் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு தினம் அந்தக் கட்டையைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துச் சுற்றி வந்தாள். நான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தொட்டிக்கு முன்னால் பிடித்துத்தான் வீடியோவில் உனக்குக் காட்டினேன். அங்க காத்தே இல்லியா சித்தப்பா, ஒரு எலகூட ஆடலயே என்று நீ கேட்டாய். திண்டிவனத்தில் காற்று வரி போட்டிருக்கிறார்கள் என்று ஏதோ உளறினேன். அதற்காக மன்னித்துக்கொள், வெட்டியதைவிட அதுதான் என்னை அதிகம் அரிக்கிறது.

காயத்துக்கு என்ன தடவுவது என்று தேடி உன் நோட்டைக் கடைசிவரை புரட்டியபோதுதான் நீ வரைந்த ஒரு படத்தைப் பார்த்தேன். அரசை வரைந்து, நடுவில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், இங்கே வெட்டணும், அப்பதான் அடி பருத்து நுனி ஒடுங்கும், மனசு வரல, அடுத்த வருஷம் என்று எழுதி, அந்த அடுத்த வருஷத்தை அடித்து மறுபடி அடுத்த வருஷம் என்று நான்கு தடவை எழுதியிருந்தாய். நான் வெட்டியது உன் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே. வெட்டிய இருபத்து மூன்றாம் நாள் காலை உன் சித்தி மாடியிலிருந்து போட்ட கூச்சலில் முழங்காலை மறந்து ஓடினேன். கட்டையில் சிவப்பாக மூன்று மொட்டு, அரிசி நுனி போல. இப்போது மூன்றும் தளிராகி நிற்கின்றன, முஆத்திடம் படம் கொடுத்திருக்கிறேன், இது நிஜப் படம், ஓர் இலை ஆடி மங்கலாக இருக்கும் பார். இரண்டு என் வெட்டின் ஓரத்தில் வந்தவை, விறுவிறு என்று வளர்கின்றன. மூன்றாவது சின்னது, சரியாக உன் கோட்டிலிருந்து வந்திருக்கிறது. ஒன்றுதான் தலையாக வேண்டும், மற்றதை வெட்டிவிட வேண்டும் என்று உன் நோட்டு சொல்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்ல மாட்டேன். அந்தக் குறடு இனி எனக்கு இல்லை.

வெட்டுக் குறட்டை உன் சித்தி அரிசிப் பானைக்குள் போட்டு மூடி, நீ வந்து கேட்டால்தான் எடுப்பேன் என்கிறாள். தையில் எப்படியும் லீவு வாங்கு, அதுவரை மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றுவேன். வெயிலில் தலைக்குத் துணி போடு, முஆத்துக்கு நான்கு உருண்டையாவது கொடு, வழியெல்லாம் சுமந்து வந்திருக்கிறான். எல்லாம் வல்ல அங்காளம்மன் உன்னை நூறு வருஷம், அரசு போல, ஆனால் தொட்டிக்கு வெளியே, வளர வைப்பாள்.

இப்படிக்கு, வேட்டியில் பால்கறையோடு,
உன் சித்தப்பா முருகையன்

பி.கு: கோட்டில் வந்த அந்தச் சின்னது நேற்று இரண்டாவது இலை விட்டது. சும்மா சொன்னேன்.