அவள் சுருதியை நான் திருத்தியது

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷின் ரிப்பேர். வந்த மெக்கானிக் உள்ளே கையை விட்டுத் துழாவி ஒரு ஹேர்பின்னை எடுத்துக் காட்டினார். "இவர்தான் சார் வில்லன். பாக்கெட்டப் பாத்துட்டுப் போடச் சொல்லுங்க மேடத்த." சொல்றேன் என்றேன். அவள் இறந்து இன்றோடு ஐம்பத்தொரு நாள்.

மதியம் பாட்டுக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். அவளுடைய இரண்டாவது ஆல்பம். ஒன்பது பாட்டையும் அவளே எழுதி, மெட்டமைத்து, பாடியும் முடித்துவிட்டாள். மிக்ஸிங் மட்டும்தான் பாக்கி. "உங்களால முடியலைன்னா சொல்லுங்க சார், தப்பில்ல. வேற இன்ஜினியர வச்சு முடிச்சுக்கறோம்."

வேற ஆளா? பதிவு செய்தவன் நான். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எங்கள் கல்யாணமே அந்தக் கண்ணாடி வழியாகத்தான் முடிவானது. நானே முடிக்கிறேன் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்டுடியோ. முதல் பாட்டைத் திறந்தேன். பாடுவதற்கு முன்னால் மைக்கில் அவள்: "டேய், தூங்கிட்டியா அங்க?"

"இல்ல" என்றேன். வாய்விட்டு.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே வந்து பைக் மேல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது.

மார்ச் 10

ஒரு வழி கிடைத்துவிட்டது. கேட்க வேண்டாம், பார்த்தால் போதும்.

சுருதி திருத்தும் சாஃப்ட்வேரில் குரல் ஒரு கோடாக ஓடும். சுரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம். கோடு விலகிய இடத்தில் பிடித்து இழுத்துக் கட்டத்துக்குள் உட்கார வைத்தால் வேலை முடிந்தது. சத்தமே தேவையில்லை. அவள் பக்கத்தில் இருந்தால் மண்டையில் தட்டுவாள். "கண்ணால பாட்டு கேக்கற ஒரே ஆளு நீதான்டா."

முதல் ஆல்பம் வந்தபோது ஒரு விமர்சகர் எழுதினார், பாட்டெல்லாம் அருமை, குரல்தான் சுருதியில் நிற்பதில்லை என்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் ஆறவே இல்லை. இந்தத் தடவை ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது.

மார்ச் 13

நாள் முழுக்கக் கோடு. அழுகை வரவில்லை. பசியும்தான்.

மார்ச் 17, திங்கள்

ஒன்பது பாட்டும் முடிந்தது. திருத்திய குரலை நிரந்தரமாகப் பதிந்தேன். டிஸ்க் நிறைந்திருந்ததால், ஒவ்வொரு வேலை முடிந்ததும் செய்வதுபோல, தேவைப்படாத பழைய ஃபைல்களை அழித்தேன். வாத்தியங்களோடு சேர்த்துச் சத்த அளவு பார்க்கிற வேலையைச் சுருட்டையிடம் கொடுத்துவிட்டேன் — பத்து வருஷமாகக் கூட வேலை பார்ப்பவன். அதைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் என்னால் உட்கார முடியாது.

அவளுக்கு ஏதோ செய்து முடித்த மாதிரி இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆல்பம் வெளியானது. சாயங்காலத்துக்குள் அந்த விமர்சகரே எழுதிவிட்டார்: "ஓர் இடத்தில்கூடப் பிசிறில்லாத குரல். இவ்வளவு வளர்ந்த பிறகா நாம் இவரை இழக்க வேண்டும்?" சுருட்டை போனில் கத்தினான்: "மாப்ள, அந்த ஆளையே கவுத்துட்டடா!"

ஜெயித்துவிட்டோம் என்று அவளிடம் சொல்லலாம் என்று சமையலறை வரை போய்விட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதியாக வேண்டும்.

அத்தையும் மச்சினியும் வந்திருந்தார்கள். அத்தை ஆல்பத்தைக் கேட்க வேண்டும் என்றார். போட்டுவிட்டு, காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டாவது பாட்டு முடிந்திருந்தது.

"நல்லாப் பாடியிருக்கு. யாரு மாப்பிள்ளை இந்தப் பொண்ணு?"

"அம்மா! அக்காதாம்மா பாடறா."

"சும்மா இருடி. பெத்தவளுக்குத் தெரியாதா? குரல் அவளுது மாதிரிதான் இருக்கு. ஆனா அவ ஒரு இடத்துக்குப் போகணும்னா கீழேருந்து ஏறித்தான் போவா, மாடிப்படி ஏறற மாதிரி. இந்தப் பொண்ணு லிஃப்ட்ல போகுது."

மச்சினி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர்கள் கிளம்பியதும் கேட்டேன். முதல் தடவையாக, காதால். அத்தை சொன்னது சரி. இழைத்து இழைத்து ஏறுவாளே, அது எதுவுமே இல்ல. கட்டத்துக்கு வெளிய இருந்தது அத்தனையும் அவதான். நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? ஒவ்வொரு இடமா, என் கையால, எட்டு நாளு உக்காந்து —

அவ பாடின பழைய ஃபைல் இல்ல.

ஏப்ரல் 15

"பேக்கப்?" என்றான் சுருட்டை. ஊருக்கெல்லாம் பேக்கப் பேக்கப் என்று கத்துகிறவன் நான். என் பேக்கப் டிஸ்க் மெயின் டிஸ்க்கை அப்படியே காப்பியடிக்கும். இதில் அழித்ததும் அதுவும் அழித்துக்கொண்டது. நான்தான் அப்படி அமைத்து வைத்தேன்.

"எங்கிட்ட வந்தப்பவே குரல் அப்படித்தான்டா இருந்துச்சு. நீ வேணும்னே பண்ணியிருக்கன்னு நெனச்சேன். உங்கிட்ட எப்படிக் கேக்கறது?"

ஏப்ரல் 16

டேட்டா மீட்கும் கடை. "அதே எடத்துல திரும்பத் திரும்ப எழுதியிருக்கீங்க சார். ஒண்ணும் தேறாது." ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்று சொன்ன அதே நிதானம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோட்டை வளைத்துப் பார்த்தேன். கீழேயிருந்து ஏறுகிற மாதிரி நானே வரைந்து, அத்தைக்குப் போனில் போட்டுக் காட்டினேன்.

"வேணாம் மாப்பிள்ளை. நீங்க மறுபடி வரையாதீங்க."

ஏப்ரல் 24

மச்சினி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். "அத்தான், போன வருஷம் அக்கா அம்மா வீட்ல இருந்தப்ப அனுப்புனது. ரெண்டாவது பாட்டு. ஒரே சத்தமா இருக்கும், பரவால்லயா?"

ஒன்றரை நிமிடம். பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறாள். குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அந்த இரைச்சலை எடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும்.

தொடவில்லை.

ஏப்ரல் 29

மேனேஜரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். இதைப் பத்தாவது பாட்டாகச் சேர்க்க வேண்டும். மற்ற ஒன்பதிலும் அவள் சுருதியை நான் திருத்தினேன் என்று என் பெயரோடு போட வேண்டும்.

"சார், யாருக்குமே தெரியாது. நல்லாப் போயிட்டிருக்கற ஆல்பத்துல நீங்களே ஏன் சார் கல்லப் போடறீங்க?"

"தெரியணும் சார்."

மே 9, வெள்ளி

இரண்டும் வந்துவிட்டது. விமர்சகர் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார்: இறந்துபோனவரின் குரலில் கை வைக்க இவர் யார்? பத்தாவது பதிவு படுமோசம், தண்ணீர்ச் சத்தத்தில் பாட்டே அமுங்கிவிட்டது.

மே 11, ஞாயிறு

அத்தை வீடு. அத்தை உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார். பத்தாவது சேர்ந்தது அவருக்குத் தெரியாது. மச்சினி கேட்கிறாளே என்று ஹாலில் மெதுவாகத்தான் போட்டேன்.

நாலு வரி ஓடியிருக்கும். உள்ளேயிருந்து அத்தை குரல், எரிச்சலோடு: "அடியே, தண்ணி பூரா போகுது பாரு! குழாய மூடிட்டுப் பாடேன்டி!"

மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு மட்டும் ஓடி, முடிந்தது.

அத்தை வாசற்படிக்கு வந்து நின்றார். கையில் கரண்டி.

"இன்னொரு வாட்டி வைங்க மாப்பிள்ளை" என்றார். "நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வைத்தேன்.