துக்க இலைக்கு உப்பிட மறுத்தவருக்கு

மழை பொய்யாதிருக்க, மறம் நெறி பிறழாதிருக்க. வெண்கடம்ப நாடுடைய அரசி செங்கோதை, தென்கரைக் கோட்டம் காக்கும் தண்டநாயகர் கொற்றங்கிள்ளியார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டத்து ஆவும் கன்றும், ஆறும் கழனியும் வாழ்க. உம்மை வாழ்த்த இன்று எமக்கு நா எழவில்லை.

நெற்களஞ்சியத்துக்குத் தீயிட்ட அழிசி என்னும் இளைஞனைச் சிறைப்பிடித்ததாகவும், அவன் தலைகொய்ய எம் இசைவு வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். களஞ்சியத்தில் தீ வைத்தவனைக் கண்டீர். அவன் நெஞ்சில் தீ வைத்தவரைக் கண்டீரா? நீரே ஐயா, நீரே!

துக்க வீட்டார் தனித்து உண்ணலாகாது என்பது நம் நாட்டு வழக்கம். அயலார் முறைவைத்து வந்து அருகமர்ந்து, இலையில் உப்பிட்டு, இறந்தார் பெயரைக் கேட்டு, அழுகிறவரை அழவிட்டு, உடனுண்டு எழுவர். ஆற்றங்கரை உடைந்து ஊர்கள் மாண்டபோது, கூடினால் கலகம் பிறக்குமென அஞ்சி, இவ்வழக்கத்தைப் பறையறைந்து தடுத்தீர். இளைஞர் தம் மனப்புழுக்கத்தை வியர்வையாய்க் கழிக்கும் மற்போர்க் களத்தையும் பூட்டினீர். வெள்ளத்தில் தங்கையைப் பறிகொடுத்த அழிசி, ஒற்றை இலை முன் உட்கார்ந்திருந்தான். நம் ஆட்சிக்கு எதிராகக் குருதிச் சூளுரைத்துத் திரியும் கூட்டத்தின் தலைவன் கூற்றன் அங்கே வந்து அமர்ந்தான். உப்பிட்டான், தங்கையின் பெயரைக் கேட்டான், அதன் பிறகே கையில் தீப்பந்தத்தைக் கொடுத்தான்.

எம் தூதர் சிறையில் வினவியபோது, என்னோடு உண்ண அவன் ஒருவன்தானே வந்தான், அவன் கேட்டதை நான் எப்படி மறுப்பேன் என்று அழிசி விம்மினானாம். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்குமென்று அடுப்பு மூட்டுகிற எவரும் அறிவர். படை நடத்தும் உமக்கு அது தெரியவில்லை, சீ! இவன் தலையைக் கொய்துவிட்டால், தனித்துண்ணும் மற்ற வீடுகளுக்குள் கூற்றன் நுழையமாட்டானோ?

ஆதலின் ஆணை. கொலைக்கு இசைவில்லை. அழிசி செய்தது குற்றமே. எரித்த களஞ்சியத்தை அவன் தன் கையாலேயே கட்டி எழுப்புக. கூற்றனைப் படை தேடுக. மற்களம் இன்றே திறக்கப்படுக. துக்க வீடுகளுக்கு அயலார் செல்க. அழிசியை இல்லம் சேர்த்தபின், அங்கே முதலில் செல்பவர் நீராகவே இருத்தல் வேண்டும். வாளும் பரிவாரமும் இன்றிச் சென்று, தரையில் அமர்ந்து, அவன் இலையில் உம் கையால் உப்பிட்டு, உடனுண்டு, மாண்ட தங்கையின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரை எமக்கு எழுதி விடுப்பீராக.

அப்பெயர் இல்லாத ஓலை வருமாயின், உம் தண்டநாயக மோதிரமும் அதனோடு சேர்ந்தே வரட்டும். கடம்ப இலச்சினை இட்டோம். இது எம் சொல்.