நோன்பாளி என்று சொன்னேன்

அன்புள்ள அம்மா,

உங்கள் கால் வீக்கம் வற்றியதா? கல்முனையில் நான் சுகம்.

ஒன்று சொல்கிறேன், அழவேண்டாம். இம்முறை நம்முடைய தவக்காலமும் இங்குள்ள முஸ்லிம்களின் நோன்பும் ஒன்றாக வந்தன. நான் வேலை செய்யும் தையல் கடை நஜ்லா அக்கா, "நீயும் நோன்பா புள்ள?" என்று கேட்டபோது பெருமைக்காக ஓம் என்றேன். அன்றிலிருந்து மாலையில் நோன்பு திறக்கையில் முதல் பேரீச்சம்பழம் எனக்குத்தான். நானோ தினமும் பகலில் கழிப்பறைக்குள் ஒளிந்து பிஸ்கட் தின்றேன். நாளைக்கு நிறுத்துவேன் என்று ஒவ்வொரு நாளும் செபித்தேன், நிறுத்தவில்லை.

நேற்று அக்கா ஒரு வாடிக்கையாளரிடம், "இந்தப் புள்ள நம்மட புள்ளயளவிட நல்லா நோன்பு புடிக்குது" என்றார். எனக்கு முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"நான் நோன்பில்ல அக்கா, பொய் சொல்லிட்டன்" என்றேன்.

அவர் தையல் மெஷினை நிறுத்தினார். பிறகு, "பசிச்சா சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார்.

இன்று அவர் நோன்போடு இருந்துகொண்டே எனக்கு மட்டும் சோறு சமைத்துக் கொண்டுவந்தார். மிச்சம் வைக்காமல் தின்றேன்.

என் செபமாலையை அனுப்புங்கள். அப்பாவுக்குச் சொல்லவேண்டாம். வரும் வெள்ளி ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருப்பேன். அது உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவசரமாக முடிக்கிறேன், அக்கா கூப்பிடுகிறார்.

மகள் நிறோசா