பெயர் சொல்லாத விண்ணப்பம்

ஒக்ரோபர் 18, சனி

விடியவே மழை. கொடியில் மூன்று நாள் உடுப்பு, காய்கிற எண்ணம் இல்லை.

செய்ய வேண்டியவை: காஸ் சிலிண்டர். இவருக்குப் பிரஷர் குளிசை. பெ.ஐ. கூட்டக் குறிப்பு (பெண்கள் ஐக்கியத்துக்கு நான் செயலாளர், போன மாதக் குறிப்பே இன்னும் எழுதவில்லை). கொயர் சீலை மினுக்க.

நேற்று வீட்டுச் செபக்கூட்டம். வடை நல்லம், தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி. விண்ணப்பம் சொல்லும் நேரம் வழக்கம்போல ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மகனின் விசா. பிறகு என் முறை.

"எங்கடை ஒரு சகோதரிக்காகச் செபிப்பம். பெயர் சொல்லேல்லை. மார்பிலை வருத்தம். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை மருந்து ஏத்தத் தொடங்கியிருக்கு, வாற வியாழன் ரெண்டாந்தரம். மகளுக்குக் கலியாணப் பேச்சும் நடக்கிற நேரம்."

பெயர் சொல்லவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எங்கள் சபையில் கலியாணப் பேச்சில் இருக்கிற பெண் ஒருத்திதான். மெலனி. ரஞ்சியின் மகள்.

சொல்லும்போது தொண்டையில் ஓர் இனிப்பு. எழுதத்தான் வேண்டும். இரக்கம் கால்வாசி. மீதி, குனிந்த தலையெல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்த சுகம்.

ரஞ்சிக்கும் எனக்கும் கோவில் பாட்டுக் கொயரில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பத்து நாளைக்கு முன் பயிற்சி முடிந்து சைக்கிள் எடுக்கும்போது சொன்னாள்: "உனக்கு மட்டும் சொல்லுறன் கிரேஸ். கலியாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் தெரியவேண்டாம். பரம்பரை வருத்தம் எண்டு பெட்டையைக் கழிச்சுப்போடுவினம்."

நேற்று மூலையில் ஒரு புது மாமி. ஆரோ கூட்டிவந்த விருந்தாளி. கண்ணை மூடி உருகிச் செபித்தா. வெளியே வந்து செருப்புப் போடும்போதுதான் தெரிந்தது, அச்சுவேலி. மாப்பிள்ளையின் பெரியம்மா.

இரவு இரண்டு கோப்பை மல்லித்தண்ணி. நித்திரை வரவில்லை.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

மழை விட்டது. வெக்கை.

ரஞ்சி கோவிலுக்கு வரவில்லை. ஓல்ட்டோக் குரலில் நான் தனி. நான் தனியே பாடினால் கன்றைத் தொலைத்த மாடு. போதகர் ஐயாவே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஆராதனை முடிந்து வேப்ப மரத்தடியில் காதில் விழுந்தது:

"ரஞ்சிக்கோ? பாவம். அதுதான் இளைச்சுப்போனவ."

"நான் ஓகஸ்ட்டிலேயே நினைச்சனான்."

"கிரேஸுக்கு எல்லாம் தெரியும், கேளும்."

கிரேஸ் செருப்புத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

ஒக்ரோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டுச் சிவநேசம் அக்கா முறுக்குத் தந்தா, பொன்னிறம். மதியம்வரை வெடிச் சத்தம்.

சபை முழுவதும் ரஞ்சி வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறது. ஆளுக்கொரு மால்ட் பால்மா டின், நாலு அப்பிள். இருந்து கதைத்து, கடைசியில் செபித்து எழும்புவது. செபிக்காமல் எழும்பினால் வந்ததாகவே சேர்க்கமாட்டார்கள். என் செபம் எட்டு நிமிடம், இவர் மணிக்கூடு பார்த்திருக்கிறார்.

நானும் போனேன். ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தா: "எங்கடை மச்சாளுக்கும் உதுதான். நல்ல சீவன். ஆறு மாசம் இருந்தவ." ரஞ்சி அப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு வாசல் படலையடியில் என்னைப் பிடித்தாள்.

"அச்சுவேலியிலையிருந்து போன் வந்தது. கேள்விப்பட்டது உண்மையோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"ஆரோ பிழையாச் சொல்லியிருக்கினம் எண்டன்." படலைக் கொளுக்கியைப் போட்டாள். "நீ நாளைக்கு அங்கை போ. நீ சொன்னது வேறை ஆளைப் பற்றி எண்டு சொல்லு. உனக்குப் பொய் சொல்ல வராதே? கொயர்ப் பயணத்திலை பஸ் முழுக்க உன்ரை பொய்யை நம்ப வைச்சனி."

ஓம் என்றேன்.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டேன். நான் அங்கே கிளாக்கர் என்பதை அதிபர் எனக்கு மறுபடி நினைவூட்டினார்.

அச்சுவேலி பஸ்ஸில் பொய்யை ஒத்திகை பார்த்தேன். நல்ல பொய். கட்டுவனில் ஒரு சகோதரியை உண்டாக்கி, அவவுக்கு ஒரு மகளையும் கொடுத்து, ஆஸ்பத்திரி நம்பர்வரை போட்டாயிற்று. சந்தையடியில் இறங்கும்போது மெலனி எனக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, அம்மா வியாழக்கிழமை போகமாட்டாவாம்."

"ஏன்?"

"முதல் மருந்துக்குத் தலைமயிர் கொஞ்சம்தான் கொட்டினது. ரெண்டாவதோடை முழுக்கப் போயிடுமாம். மயிர் இருந்தாத்தானே பொய் எண்டு சொல்லலாம் எண்டுறா. கலியாணம் முடியப் பாப்பமாம். கலியாணம் தையிலை அன்ரி."

சந்தை வாசலில் வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். என் பொய் எடுபட்டால் அதைக் காப்பாற்ற ரஞ்சி தை மாதம்வரை மருந்தில்லாமல் இருப்பாள். எடுபடும். நான் சொன்னால் எடுபடும், அதுதான் பயம்.

அரைக்கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

இவரிடம் எல்லாம் சொன்னேன். பேப்பரை மடித்தார். "நீர் வாயைத் திறந்ததாலை வந்தது. இனி ஐயாவைக் கூப்பிடாதையும், சபையைக் கூப்பிடாதையும். நீரே போம்." இருபத்தாறு வருடத்தில் இந்த மனுசன் இவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை.

ஒக்ரோபர் 22, புதன்

மழை, காற்று. கரன்ட் இல்லை.

ரஞ்சி குசினியில். சுவர்த்தட்டில் மால்ட் டின் ஒன்பது, வரிசையாக. நான் வெறுங்கையோடு.

"சொல்லிப்போட்டியோ?"

"இல்லை. சொல்லமாட்டன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பவும்.

நானே சொன்னேன். விண்ணப்பம் சொன்னது இரக்கத்தில் இல்லை, விடுப்பு, ஊர்க்கதை சொல்கிற ருசியில் என்று. அச்சுவேலிக்குப் போய்ப் பொய் சொல்வது எனக்குச் சின்ன வேலை, ஆனால் நீ மருந்தை விட்டால் நான் சொல்கிற பொய் உன்னைக் கொல்லும் என்று. பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. வந்திருந்தால் விட்டிருப்பேன்.

"நான் செத்தாலும் அவளுக்கு ஒரு இடம் கிடைக்கும்" என்றாள்.

வாசலில் மெலனி நின்றாள், நனைந்து. "அம்மா, நான் அவருக்குச் சொல்லிப்போட்டன். உண்மைதான் எண்டு. இப்ப பஸ் ஸ்ராண்டிலை நிண்டு போனிலை."

"என்னவாம்?"

"யோசிச்சுச் சொல்லுறாராம்."

ரஞ்சி மர வாங்கில் இருந்துவிட்டாள். நான் பழக்கத்தில் கண்ணை மூடிக் கையைக் கோத்தேன்.

"செபிச்சியெண்டால் வெளியாலை போ" என்றாள். "ஒன்பது பேர் செபிச்சவை. கடவுளுக்கு எல்லாம் சொன்னவை. எனக்குப் பயமாயிருக்கு எண்டு சொல்ல ஒருத்தரும் விடேல்லை."

கையை எடுத்தேன். அவள் சொன்னாள். ஒரு மணி நேரம் இருக்கும். என்ன சொன்னாள் என்று எழுதமாட்டேன். நடுவில் இரண்டு தரம் நல்ல உபதேசம் வாய்வரை வந்தது, விழுங்கினேன். மெலனி விளக்குக் கொளுத்தி வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் இருந்தாள்.

நாளைக்குப் போவாளா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. படலைவரை வந்து, "ஆறு மணி பஸ்ஸுக்குத்தான் இடம் கிடைக்கும்" என்றாள்.

ஒக்ரோபர் 23, வியாழன்

தூறல். 5.40க்கே ஸ்ராண்டில் நின்றேன். 5.55, இல்லை. 5.58, குடையோடு வந்தாள். மெலனிக்குப் பரீட்சை, வரவில்லை.

பஸ்ஸில் அவள் சொன்னது ஒன்றுதான்: "உன்னை நான் மன்னிக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலிலை எழும்பி, ரஞ்சி மன்னிச்சிட்டா எண்டு சாட்சி சொல்லாதை."

ஓம் என்றேன்.

ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை, மூன்று தரம். என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக நாலு மணி நேரம். நான் கதைக்காமல் நாலு மணி நேரம், இவருக்குச் சொன்னால் நம்பமாட்டார். பக்கத்துக் கதிரையில் சாவகச்சேரிப் பக்கத்து அம்மா ஒருவர், நெற்றி நிறைய திருநீறு, தனியே வந்திருந்தா. தண்ணி எடுத்துக் கொடுத்தேன். "உங்கடை தங்கச்சியோ?" என்று கேட்டா. ரஞ்சி கண்ணைத் திறக்கவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

அச்சுவேலியிலிருந்து இன்னும் ஒரு கதையும் இல்லை.

திரும்பி வரும்போது சுன்னாகம் தாண்ட ரஞ்சி சத்தி எடுத்தாள். என் ஹான்ட்பாக்குக்குள்ளேயே. கொண்டக்டர் பார்க்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்பி ரிக்கற் எண்ணினார், நல்ல பிள்ளை.

அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன். சுவரைப் பிடித்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுத்த முறை உந்தப் பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு வராதை. பாக்கவே சத்தி வருது."