பாலிஷ் போட்ட வாட்ச்

மகளுக்கு,

அருமை மகளே என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. நீ பாதியில் போனை வைத்துவிட்டதால் எழுதுகிறேன். "பொண்ணு ஆசையா செஞ்சிருக்கா, பேசாம கையில கட்டுங்க" என்கிறாள் உன் அம்மா. கட்டமாட்டேன்.

பிறந்தநாள் பரிசு என்று, நான் சேர்த்ததிலேயே அபூர்வமான தங்க வாட்சை எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய்ப் பாலிஷ் போட்டிருக்கிறாய். தேன் நிறத்தில் பழுத்திருந்த டயல் இப்போது வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது. என்னைப் போலவே பழைய வாட்ச் சேர்க்கும் பல் டாக்டர் நேற்று பார்த்துவிட்டு, "என்ன சார், தாத்தாவுக்கு மீசைய எடுத்துப் பவுடர் பூசிட்டீங்க?" என்று சிரித்தார். கறையும் கீறலும் இருந்தால்தான் எங்களுக்கு அது அசல்.

"ஒரு பரிசு குடுத்தா சந்தோஷப்படத் தெரியாதாப்பா?" என்று கேட்டாய்.

டயலை விடு. விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருந்ததே, அது எங்கே? கடைக்காரருக்குப் போன் செய்தேன். "இருந்த இடமே தெரியாது சார், அவ்வளவு நைசா எடுத்துட்டோம்" என்று பெருமையடிக்கிறார். அந்தப் பள்ளத்தைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டவர்களை நான் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். தவழ்கிற வயதில் நீ அந்த வாட்சை என்னிடமிருந்து பிடுங்கி, கட்டில் கம்பியில் ஓங்கி அடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்த அடி அது.

ஞாயிற்றுக்கிழமை வா. கட்டில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. வந்து இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போ.

கோபம் தீராத
அப்பா